கொச்சிக்குப் போகலாம்... காலண்டரை எடுங்கள்!



விடுமுறை விட்டால் போதும், "இந்தத் தடவை எங்கேயாவது போகணும்" என்ற பேச்சு எல்லார் வீட்டிலும் கிளம்பிவிடும். அப்பா டிக்கெட் எடுப்பார், அம்மா பை கட்டுவார், நீங்கள் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடுவீர்கள். திட்டம் போடுவது பெரியவர்கள் வேலை என்றுதானே நினைத்திருக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. 2025 மே மாதம் ஈரோட்டிலிருந்து நாங்கள் ஆறு பேர் கொச்சிக்குப் போனோம். திட்டம் முழுவதும் ஆறாம் வகுப்பு முடித்திருந்த என் பேத்தி போட்டது.

அவளிடம் அந்த வேலையைக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. இதே கொச்சிக்கு 1994-ல் நான் திட்டம் போட்டு, இரண்டு பெரிய தப்புகள் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தாலும் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பூட்டிய கதவும் போன படகும்

அப்போது நான் நடுநிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு ஆசிரியர். 42 மாணவர்களை பஸ்ஸில் கொச்சிக்குச் சுற்றுலா அழைத்துப் போனோம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வகுப்பில் ஒரே கொச்சிக் கதைதான். மட்டாஞ்சேரியில் யூதர்களின் ஜெப ஆலயம் இருக்கிறது, 1568-ல் கட்டியது, அதன் தரையில் சீனாவிலிருந்து கப்பலில் வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள் பதித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது, ஒன்று போல இன்னொன்று இருக்காது என்றெல்லாம் அளந்து விட்டேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் தினமும் கேட்பான்: "ஏன் சார், அந்த நீலக் கல்லை மிதிக்க விடுவாங்களா?"

போய்ச் சேர்ந்தோம். கதவில் பூட்டு! பக்கத்துக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்று சனிக்கிழமை அல்லவா, சாரே?" யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். அன்று வழிபாட்டுக்கு மட்டும்தான், பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. இதை ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாடமாகத் தெரிந்தது, பயணத்துக்கு உதவவில்லை! அந்தப் பையன் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இரண்டாவது தப்பு அதைவிட மோசம். அதே நாள் மாலை, பஸ்ஸை முன்னால் அனுப்பிவிட்டு எல்லாரையும் படகில் ஏற்றினோம். நடுக் காயலில் தலை எண்ணினேன். 41! மறுபடி எண்ணினேன். 41தான். அதே முதல் பெஞ்ச் பையன், செருப்பு வார் அறுந்து துறையிலேயே நின்றுவிட்டிருக்கிறான்.

கரை இறங்கியதும் மற்ற ஆசிரியர்களிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு, திரும்பும் படகில் நான் மட்டும் ஓடினேன். துறையில் அவன் இல்லை. டிக்கெட் கொடுப்பவரைக் கேட்டால், "அந்தப் பையன் அடுத்த படகில் ஏறிப் போய்விட்டானே!" என்கிறார். நான் அவனைத் தேடி இந்தக் கரைக்கு வர, அவன் எங்களைத் தேடி அந்தக் கரைக்குப் போக, இரண்டு படகும் நடுக் காயலில் ஒன்றையொன்று கடந்திருக்கின்றன! நானோ கரையை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். அப்போது செல்போன் கிடையாது. அக்கரைக்கு மறுபடி போய் அவனைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரம் நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. அவனோ ஒரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு, "எங்கே சார் போயிட்டீங்க?" என்று என்னைக் கேட்டான்!

இந்தக் கதையைக் கேட்டதும் என் பேத்தி சொன்னாள்: "தாத்தா, இந்தத் தடவை நீங்க திட்டம் போட வேண்டாம். நான் போடறேன்."

இருபத்தொரு இடங்கள்!

முதல் நாள் ஒரு நோட்டில் 21 இடங்கள் எழுதிக்கொண்டு வந்தாள். சீனவலை, தேவாலயம், அரண்மனை, ஜெப ஆலயம், செராய் கடற்கரை, திருப்பூணித்துறை ஹில் பேலஸ், பெரிய மால் என்று வரிசையாக. எத்தனை நாள் போகிறோம் என்று கேட்டேன். வெள்ளி, சனி, ஞாயிறு. என் மகனுக்கு ஒரு நாள்தான் லீவு கிடைக்கும். வெள்ளி போக, ஞாயிறு திரும்ப. மிச்சம் இருப்பது ஒன்றரை நாள். ஒன்றரை நாளில் 21 இடம் பார்க்க வேண்டுமென்றால் ஒரு இடத்துக்கு ஒரு மணி நேரம்கூட வராது. வழியிலேயே பாதி நேரம் போய்விடும்.

"பட்டியலை மூடி வை. யார் யார் வருகிறோம் என்று முதலில் எழுது" என்றேன்.

ஆறு பேர். அப்பா, அம்மா, அவள், ஆறு வயதுத் தம்பி, நான், அப்பத்தா. எங்கள் ஆறு பேரில் மெதுவாக நடப்பது அப்பத்தா. முட்டி வலி. பேத்தி நேரே போய்க் கேட்டாள்: "அப்பத்தா, உட்காராம எவ்வளவு தூரம் நடப்பீங்க?"

"நம்ம ரேஷன் கடை மட்டும் நடப்பேன் கண்ணு. அதுக்கு மேல முட்டி கேக்காது."

பேத்தி அன்று மாலையே ரேஷன் கடை வரைக்கும் அடி எண்ணிக்கொண்டு நடந்தாள். ஏறக்குறைய 400 மீட்டர். அதன் பிறகு எங்கள் வீட்டில் கிலோமீட்டர் போய், 'ரேஷன் கடை' வந்துவிட்டது! சீனவலையிலிருந்து புனித பிரான்சிஸ் தேவாலயம் ஒன்றேகால் ரேஷன் கடை. நடுவில் ஒரு இடத்தில் உட்கார வேண்டும். அரண்மனையிலிருந்து ஜெப ஆலயம் ஒரு ரேஷன் கடைக்குள். இப்படியே வரைபடத்தில் குறித்தாள். தங்கும் அறைக்கு போன் செய்தபோது அவள் கேட்கச் சொன்ன முதல் கேள்வி வாடகை இல்லை. "எத்தனை படி ஏறணும்?"

கொச்சி என்று ஒரு ஊர் இல்லை!

அடுத்து வரைபடம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கொச்சி ஒரே துண்டாக இருக்கும் ஊர் அல்ல. ரயில் போய் நிற்கும் எர்ணாகுளம் இந்தக் கரையில். பழைய இடங்கள் எல்லாம் இருக்கும் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் அந்தக் கரையில். நடுவில் காயல். காயலுக்குள் வில்லிங்டன் தீவு, போல்காட்டி தீவு. வடக்கே நீளமாக வைப்பின் தீவு. பாலங்கள் வழியாகச் சாலையில் சுற்றிப் போனால் போக்குவரத்து நெரிசல். படகில் போனால் அரை மணிக்குள் அக்கரை.

ரயில் நிலையத்திலும் ஒரு சிக்கல். எர்ணாகுளம் சந்திப்பு ஒன்று, எர்ணாகுளம் டவுன் ஒன்று. உள்ளூர்க்காரர்கள் 'சவுத்', 'நார்த்' என்பார்கள். சில ரயில்கள் ஒன்றில் மட்டும்தான் நிற்கும். டிக்கெட்டில் எது என்று பார்க்காமல் போனால், திரும்பும் நாளில் ஒரு நிலையத்தில் நீங்களும் இன்னொன்றில் ரயிலும்!

வரைபடம் வரையும்போது சின்னவன் ஒரு கேள்வி கேட்டான். "தீவுன்னா கடல்ல தானா வருமா?" நல்ல கேள்வி. வில்லிங்டன் தீவு தானாக வந்ததில்லை. கொச்சித் துறைமுகத்தின் வாயில் ஒரு பெரிய மணல் திட்டு கிடந்ததால் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் வெளியிலேயே நின்றன. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1920-ல் வந்து, பல ஆண்டுகள் ஆராய்ந்து, அந்தத் திட்டை வெட்டிக் கப்பலுக்கு வழி செய்தார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் முதன்முதலாக அந்த வழியே உள்ளே வந்தது. காயலைத் தோண்டி ஆழப்படுத்தியபோது எடுத்த மண்ணை என்ன செய்வது? அதைக் கொட்டித்தான் அந்தத் தீவை உண்டாக்கினார்கள். "தோண்டின மண்ணுல ஒரு ஊரா!" என்று சின்னவன் வாயைப் பிளந்தான்.

இயற்கையும் இப்படி ஒரு வேலை செய்திருக்கிறது. அகநானூறு சொல்லும் முசிறி, யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு போன துறைமுகம், கொச்சிக்கு வடக்கே கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்தது. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அந்தத் துறையை மண்ணால் மூடி, தெற்கே கொச்சியின் வாயை அகலமாக்கிவிட்டது என்பது வரலாற்று ஆசிரியர்கள் கருத்து. ஒரு வெள்ளம் ஒரு துறைமுகத்தை மூடி இன்னொன்றைத் திறந்திருக்கிறது பாருங்கள்!

காலண்டர் கணக்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு புதிர்.

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜெப ஆலயம் வெள்ளிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும், சனிக்கிழமை முழு விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். தேவாலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், அப்போது சுற்றிப் பார்க்கப் போவது மரியாதை இல்லை. நீங்கள் வெள்ளி பிற்பகல் கொச்சியில் இறங்குகிறீர்கள், ஞாயிறு பிற்பகல் கிளம்புகிறீர்கள். மூன்றையும் பார்க்க வேண்டும். அப்பத்தாவுக்காக மட்டாஞ்சேரிக்கு ஒரு முறைதான் போக வேண்டும். எப்படி?

என் மகன் உடனே, "இந்த நாள் சரிப்படாது, திங்கள், செவ்வாய் லீவு கேட்கிறேன்" என்றான். பேத்தி ஒரு கட்டம் போட்டாள். மூன்று நாள், மூன்று இடம், ஒன்பது கட்டம். மூடியிருக்கும் கட்டத்தில் எல்லாம் கறுப்பு அடித்தாள். பிறகு சிரித்தாள். "அப்பா, நாள் தப்பில்லை. வரிசைதான் தப்பு. சனிக்கிழமை ஃபோர்ட் கொச்சி, ஞாயித்துக்கிழமை மட்டாஞ்சேரி. அவ்வளவுதான்!"

எல்லாரும் அரண்மனையும் ஜெப ஆலயமும் பெரிய இடம் என்று சனிக்கிழமையே அங்கே ஓடுவார்கள். 1994-ல் நானும் அதைத்தான் செய்தேன். வரிசையை மாற்றியிருந்தால் 42 பேரும் அந்தத் தரையைப் பார்த்திருப்பார்கள். 31 வருடம் கழித்து ஒரு சிறுமி கட்டம் போட்டுக் காட்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்னொரு காலண்டர் கணக்கும் உண்டு. இப்போது ரயிலில் 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கும். 2024 நவம்பர் 1-க்கு முன்பு 120 நாளாக இருந்தது. மே 2 பயணத்துக்கு எந்தத் தேதி? விரல் விட்டு எண்ணி மார்ச் 3 என்றாள். சரி. சின்னவனுக்கு டிக்கெட் வேண்டுமா என்று அடுத்த கேள்வி. 5 வயது முடிந்து 12 வயதுக்குள் இருந்தால், தனிப் படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் பாதி. பகல் பயணம்தானே, அம்மா மடியும் என் மடியும் இருக்கிறதே என்று பாதி எடுத்தோம். முதியவர்களுக்கு இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதால் எனக்கும் அப்பத்தாவுக்கும் முழுக் கட்டணம்தான்.

பகல் ரயில் வேண்டும் என்று அடம் பிடித்தவளும் அவளே. இரவு ரயிலில் போனால் தூங்கிவிடுவோம், பாலக்காட்டுக் கணவாயைப் பார்க்க முடியாது! மதில் போல நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்து விட்டிருக்கிறது. கோவை தாண்டியதும் இரண்டு பக்கமும் பாருங்கள். காற்றே மாறும்.

பணக் கணக்கு

மகன் கொடுத்தது 18,000 ரூபாய். நோட்டில் அவள் பிரித்தது இப்படி: ரயில் 2,500, இரண்டு அறை இரண்டு இரவு 6,000, சாப்பாடு 4,500, படகும் ஆட்டோவும் 2,000, நுழைவுச் சீட்டு 300. மிச்சம் 2,700 ரூபாயை அப்படியே ஒரு கவரில் போட்டு 'கைக்காவல்' என்று எழுதினாள். வாங்கித் தின்ன அதில் கைவைக்கக் கூடாது என்று அப்பாவிடமே சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பிறகு பட்டியலில் அடித்தல். செராய் கடற்கரை, 25 கிலோமீட்டர் போக வேண்டும், போச்சு. ஹில் பேலஸ் போச்சு. மால் போச்சு ("ஈரோட்டிலும் கடை இருக்குது" என்று அம்மா அடித்தார்). 21-ல் மிஞ்சியது ஐந்து. அடிக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அடித்த பிறகு ஓரத்தில் ஒன்று சேர்த்தாள். சனிக்கிழமை மாலைக்கு நேராக: 'ஒன்றும் இல்லை.' "இது என்ன?" என்று அப்பா சிரித்தார். "தப்பாப் போனா சரி பண்ண" என்றாள்.

தொலைந்தால்?

இதற்கு மட்டும் நான் விதி போட்டேன். யார் பிரிந்து போனாலும், பிரிந்தவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தேடுகிறவர் மட்டுமே நகர வேண்டும். இரண்டு பேரும் நகர்ந்தால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்! சின்னவன் சட்டைப் பையில் அப்பாவின் போன் நம்பரும் தங்கும் இடத்தின் பெயரும் எழுதிய சீட்டு. படகில் ஏறும் முன் தலை எண்ணுவது, ஏறிய பின்பு எண்ணுவது அல்ல. எண்ணும் வேலை பேத்திக்கு. அவளை எண்ணும் வேலை எனக்கு.

போனோம்!

வெள்ளி பிற்பகல் எர்ணாகுளம் சந்திப்பில் இறங்கி, ஆட்டோ பிடித்து உயர்நீதிமன்றத் துறைக்குப் போய் வாட்டர் மெட்ரோ ஏறினோம். 2023 ஏப்ரலில் தொடங்கிய மின்சாரப் படகு சேவை இது. ஃபோர்ட் கொச்சிக்கு 2024-லிருந்து ஓடுகிறது. மின்கலத்தில் ஓடுவதால் டீசல் வாடையே இல்லை. கொச்சியிலேயே கட்டிய படகு, 100 பேர் வரை ஏறலாம். ஏறும் மேடை தண்ணீரில் மிதப்பதால், காயல் நீர் ஏறினாலும் இறங்கினாலும் படகும் மேடையும் ஒரே மட்டம். அப்பத்தா யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டார். 1994-ல் ஆடிய படகில் ஒவ்வொரு பையனையும் கை கொடுத்து இழுத்தது நினைவுக்கு வந்தது. வார இறுதியில் வரிசை நீளமாக இருக்கும். நாங்கள் முக்கால் மணி நேரம் நின்றோம். இது மட்டும் திட்டத்தில் இல்லை.

சனி காலை 6 மணிக்குச் சீனவலை. மரக்கால்களில் பந்தல் போல விரிந்த வலை, கரைப்பக்க முனையில் கயிறு கயிறாகத் தொங்கும் பாறாங்கற்கள். வலை தண்ணீருக்குள் இறங்கும்போது கற்கள் ஒவ்வொன்றாக மேலே எழும். நான்கைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தால் கற்கள் கீழே இறங்கி வலை மேலே வரும். உங்கள் அறிவியல் பாடத்தில் வரும் நெம்புகோல் இதுதான்! கற்களின் எடை இல்லையென்றால் அத்தனை பெரிய வலையை ஐந்து பேர் தூக்கவே முடியாது. அங்கே குளிக்க மட்டும் இறங்காதீர்கள். துறைமுக வாய் அது, நீரோட்டம் பலம், கரையெல்லாம் பாறை. சின்னவன் காலை நனைப்பதோடு சரி. அவனுக்குக் கோபம்தான். ஆனால் மூன்று மாடி உயரக் கப்பல் ஒன்று, கல்லெறியும் தூரத்தில் மெதுவாக நகர்ந்து போனதும் கோபம் போய்விட்டது.

புனித பிரான்சிஸ் தேவாலயம் 1503-ல் போர்த்துகீசியர் மரத்தில் கட்டியது, 1516-ல் கல்லாக மாறியது. பிறகு டச்சுக்காரர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் போனது. வாஸ்கோடகாமா 1524-ல் கொச்சியில் இறந்தபோது இங்கேதான் புதைத்தார்கள். 1539-ல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். "அப்போ இங்க ஒண்ணும் இல்லையா?" என்று சின்னவன் ஏமாந்து போனான். கம்பி வேலி போட்ட கல் மட்டும் இருக்கிறது. அவனுக்குப் பிடித்தது, வெளியிலிருந்து கயிறு இழுத்தால் உள்ளே அசையும் நீளமான துணி விசிறிதான். மின்சாரம் இல்லாத காலத்து ஃபேன்!

ஊர்ப் பெயரில் கோட்டை இருக்கிறதே, கோட்டை எங்கே என்று தேடாதீர்கள். 1806-ல் ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள்.

அடுத்து ஆட்டோவில் போன இடத்தைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. ஃபோர்ட் கொச்சி வெளியில் இருக்கும் சலவைக் கூடம். 'தோபி கானா' என்று கேட்டால் வழி சொல்வார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் படையினர் சீருடையைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்த குடும்பங்களின் வழி வந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். வரிசையாகக் கல் தொட்டிகள். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டிகள் மைதானம் முழுக்கக் கொடியில் ஆடுகின்றன. ஒரு கிளிப்கூடக் கிடையாது! இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்கு நடுவில் துணி முனையைச் செருகிவிடுகிறார்கள். எத்தனை காற்று அடித்தாலும் விழாது. அங்கே ஒரு பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே "எந்த ஊருங்க?" என்றார். அப்பத்தா அவர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். சுற்றுலாவிலேயே எது பிடித்தது என்று கேட்டால் இன்றும் அதைத்தான் சொல்கிறார்.

மதியம் சாப்பாட்டில் தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தது. ஜூஸ் என்று சின்னவன் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "இனிப்பே இல்லை" என்றான். பதிமுகம் என்ற மரத்துண்டு போட்டுக் காய்ச்சிய வெந்நீர் அது. வெளியூரில் வயிற்றுக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. மாலை நாலரைக்கு இடி, மழை! கேரளத்தில் மே மாதம் அப்படித்தான், பருவமழை ஜூனில் வருவதற்கு முன்பே மாலையில் கொட்டும். வெளியே யாரும் போக முடியவில்லை. பேத்தி நோட்டை எடுத்து 'ஒன்றும் இல்லை' என்ற வரியை அப்பாவிடம் நீட்டினாள். அவர் ஒன்றும் பேசவில்லை. கைக்காவல் கவரிலிருந்து இரண்டு குடை வாங்கினோம்.

ஞாயிறு

காலையில் அரண்மனை. 1555-ல் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது. 1663-ல் டச்சுக்காரர் பழுது பார்த்ததால் 'டச்சு அரண்மனை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சுவர் முழுக்க ராமாயண ஓவியங்கள். ஆனால் எல்லாம் மாடியில்! அப்பத்தா படியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நீங்க போயிட்டு வாங்க." என் மருமகள் கூட உட்கார்ந்தார். அதற்கும் திட்டத்தில் இடம் இருந்தது: யாரையும் தனியாக விடக் கூடாது.

பிறகு ஒரு ரேஷன் கடைக்குள் ஜெப ஆலயம். 1760-ல் கட்டிய மணிக்கூண்டு. பெயர் 'பரதேசி' ஜெப ஆலயம். சிரிக்காதீர்கள், பரதேசி என்றால் வேறு தேசத்திலிருந்து வந்தவர் என்றுதான் பொருள். 1948-ல் இஸ்ரேல் நாடு அமைந்த பிறகு பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள்; இப்போது விரல் விட்டு எண்ணும் அளவுக்கும் இல்லை. சுமார் 1000-ஆவது ஆண்டில் சேர அரசர் பாஸ்கர ரவி, யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்குப் பல்லக்கு, குடை, முரசு உட்பட 72 உரிமைகள் கொடுத்த செப்பேடு இவர்களுடையது. எந்த எழுத்தில் தெரியுமா? வட்டெழுத்து. நம் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் இருக்கும் அதே எழுத்து!

கதவு திறந்திருந்தது. தோளும் முட்டியும் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். வெறுங்காலோடு உள்ளே வைத்த முதல் அடியில், குளிர்ந்த நீல ஓடு. சின்னவன் உடனே தரையில் உட்கார்ந்து ஒரே மாதிரி இரண்டு ஓடு கண்டுபிடிக்கப் போவதாகச் சொன்னான். பத்து நிமிடம் தேடினான். கிடைக்கவில்லை. அப்பத்தா பெஞ்சில் உட்கார்ந்து மேலே தொங்கிய கண்ணாடி விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதையும் விளக்கவில்லை. விளக்கும் நிலையில் இல்லை.

கைக்காவலில் மீதி 1,150 ரூபாய். ரயில் ஏறும் முன் பேத்தி ஆறு தலையையும் எண்ணினாள்.

வீடு வந்ததும் அந்த முதல் பெஞ்ச் மாணவனுக்கு போன் செய்தேன். இப்போது திருப்பூரில் லாரி ஓட்டுகிறார், அவருக்கே கல்லூரி போகும் பிள்ளை இருக்கிறது. "தம்பி, நீலக் கல்லைப் பார்த்துட்டேன்பா. மிதிக்க விடறாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "நான் நாலு வருஷம் முந்தியே பார்த்துட்டேனுங்க சார். கொச்சிக்கு லோடு போனேன். ஞாயித்துக்கிழமைன்னு பார்த்துத்தான் போனேன்!"